மேற்கு விட்டத்துக் கயிறு

மிளகாய் அரைப்பதற்கு ஞானம்மாள் நேரம் பார்ப்பாள். பிற்பகலில் கேளம்பாக்கம் பக்கமிருந்து கடல் காற்று ஏறி வரும்வரை மிளகாய் மூட்டையைப் பிரிக்க மாட்டாள். யாராவது அவசரப்படுத்தினால், "கல்லு சூடா கீது, கொஞ்சம் ஆறட்டும்" என்று சொல்லி உட்கார வைத்துவிடுவாள். பிறகு புடவைத் தலைப்பை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மில் வாசலுக்கு வருவாள். நிலைப்படியில் படிந்திருக்கும் மாவில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து மேலே ஊதுவாள். மாவு பறந்து மேற்கே போய், பட்டாபிராமன் வீட்டுச் சுவரைத் தாண்டினால், உள்ளே வந்து சுவிட்சைப் போடுவாள்.

சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் தும்மல் கேட்கும். ஒன்றன்பின் ஒன்றாக வரும். அப்புறம் ஜன்னல்கள் அறைந்து சாத்தப்படும்.

"சாருக்கு ஜலதோஷம் போலக் கீது" என்பாள், யாரையும் பார்க்காமல். மாவுக்குக் காத்திருக்கும் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள்.

அஸ்தினாபுரத்தில் அந்தத் தெருவுக்கு முதலில் வந்தது மில்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் சுற்றிலும் காலி மனைகள். நடுவில் ஒரு தகரக் கொட்டகை. ஞானம்மாளின் புருஷன் சவுரிமுத்து பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன். பல்லாவரத்தில் மூடிப்போன ஒரு மில்லிலிருந்து எந்திரத்தை வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றி வந்து, மேற்குச் சுவரை ஒட்டி மேடை கட்டி, தரைக்குள் நீளமான போல்ட்டுகளை இறக்கி அதை உட்கார வைத்தான். கொட்டகைக்குப் பனஞ்சட்டம் போட்டான். கல் கொத்தவும், பெல்ட் மாற்றவும், மோட்டார் சத்தத்தில் எது நோய், எது பசி என்று பிரித்துக் கேட்கவும் பெண்டாட்டிக்குப் பழக்கினான். அதன்பின் ஒரு கோடையில் மஞ்சள் காமாலை வந்து செத்துப்போனான். பிள்ளை கிடையாது. மில்தான் அவளுக்குச் சோறும் தண்ணியும்.

பட்டாபிராமன் சார் பக்கத்து மனையை வாங்கியபோது மில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் நடத்தியவர். மனை வாங்க வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. பெல்ட் சத்தம் இல்லை. குடி வந்த திங்கட்கிழமை காலையிலேயே வாசலுக்கு வந்து, "இதை எப்போ எடுக்கப்போறே?" என்று கேட்டார். நீங்கள் என்றுகூட இல்லை. சவுரிமுத்து அப்போது உயிரோடு இருந்தான். "எடுத்து எங்க சார் வெக்கிறது, உங்க தலையிலயா?" என்றான். அன்று ஆரம்பித்தது.

காப்பியில் மாவு விழுகிறது என்றார். சாளக்கிராமத்தின் மேல் மாவு படிகிறது என்றார். பெல்ட் அறைகிற சத்தத்தில் வீட்டுச் சுவர் அதிர்கிறது என்றார். பேரூராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்தார். அங்கிருந்து வந்த ஆள் கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரண்டு பேரையும் வைத்துக்கொண்டே சொன்னான்: "இது ஊராட்சியா இருந்தப்ப கட்டினது சார். நிக்கிற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது. விழுந்துட்டா, மறுபடி கட்டறதுக்கு இது குடியிருப்புப் பகுதி. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபணை இருந்தா லைசென்ஸ் கிடைக்காது."

பட்டாபிராமன் தலையை ஆட்டிக்கொண்டார். மனுவைத் திரும்ப வாங்கவில்லை. அது அங்கேயே உயிரோடு கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார். அன்றிலிருந்து மழைக்காலம் வந்தால் அவர் தம் மாடிப்படியில் நின்று அந்தத் தகரக் கூரையைப் பார்ப்பார். அவர் பார்ப்பதை ஞானம்மாள் கீழேயிருந்து பார்ப்பாள். கூரை நின்றால் அவளுக்கு வாழ்வு; விழுந்தால் அவருக்கு நிம்மதி. அதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை.

அவர் சும்மாவும் இருக்கவில்லை. மாவைத் தடுக்க எல்லைச் சுவரை ஏற்றினார். இடுப்பளவு இருந்தது ஆளுயரமாயிற்று. ஆளுயரம் போதாமல் இன்னும் ஏறி, அவளுடைய கொட்டகையையே தாண்டிவிட்டது. ஒற்றைச் செங்கல். கொத்தனார் துரைராஜ் இடையிடையே தூண் வேண்டும் என்று மன்றாடினான். தம் பக்கம் தூண் வந்தால் செம்பருத்திப் பாத்தி போய்விடும் என்றார் சார். "அந்தப் பக்கம் வெச்சா?" என்று கேட்டான் துரைராஜ்.

"என் எடத்துல அந்தாள் செங்கல் ஒண்ணு வந்துச்சு, கைய ஒடிச்சுடுவேன்" என்றாள் ஞானம்மாள், கொட்டகைக்குள்ளிருந்து.

தூண் இல்லாமலே சுவர் எழுந்தது. எழுந்த சுவரை வீணாக்குவானேன் என்று, சமையலறையைப் பின்னால் நீட்டி, அதன் விட்டங்களையும் அந்தச் சுவரின் மேலேயே ஏற்றிக்கொண்டார். அதற்கு அவர் எந்த அலுவலகத்திலும் அனுமதி கேட்கவில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

இவர்களின் சண்டைகளில் பெரியது ஆன்டெனா சண்டை. எண்பத்து நாலில் ஒரு புயல் ஸ்ரீஹரிகோட்டா பக்கம் கரையேறியது. இங்கே மழையும் ஊதலும்தான். அடங்கியபின் பார்த்தால், பட்டாபிராமன் வீட்டு மொட்டை மாடியில் புதிதாக நட்ட டி.வி. ஆன்டெனா, கம்பத்தோடு பறந்து வந்து மில் கூரையில் குத்திட்டுக் கிடந்தது. "உன் பெல்ட் அதிர்ச்சியிலதான் கம்பம் லூஸாச்சு" என்றார் அவர்.

"காத்து கடல்லேர்ந்து வருது. உன் கம்பி விழறதானா தாம்பரம் பக்கம் இல்ல விழணும்? கடல் பக்கமா என் கூரை மேல எப்படி வந்துச்சு? நீதான் தள்ளி வுட்டுக்கீற" என்றாள் அவள்.

தெரு முழுக்க அவள் சொன்னதைத்தான் நம்பியது. காற்று கடலிலிருந்து வருவது. தினமும் பிற்பகலில் வருகிறதே. பட்டாபிராமனுக்கோ இவளிடம் நின்று காற்றைப் பற்றிப் பேசுவதே அவமானம். "போடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த "டி"க்காக மறுநாள் ஒரு மூட்டை மிளகாய் அரைபட்டது.

பத்து வருஷம் ஓடியது. தொண்ணூற்று நாலாம் வருஷ ஐப்பசி. தீபாவளி வாரம். மில்லுக்குள் கால் வைக்க இடமில்லாமல் டின்கள்: முறுக்குக்கு, அதிரசத்துக்கு, கடலை மாவுக்கு. எல்லா டின்னின் மூடியிலும் சுண்ணாம்புக்கட்டியால் வீட்டுப் பெயர். ஒன்றில் மட்டும் பெயர் இல்லை. அது பட்டாபிராமனின் மனைவி வேதா மாமியுடையது. வேலைக்காரி முன்கதவு வழியாகக் குரோம்பேட்டை மில்லுக்குப் போவதுபோல் போய், தெருவைச் சுற்றி இங்கே கொண்டுவந்து கொடுப்பாள். ஞானம்மாளுக்கு அது தெரியும் என்பது மாமிக்கும் தெரியும். அந்த அரிசியை மட்டும் ஞானம்மாள் வேண்டுமென்றே இன்னும் நைசாக அரைப்பாள். குரோம்பேட்டை மில்லில் இப்படி அரைப்பானா என்று சார் சாப்பிட்டுப் பார்க்கட்டும்!

அப்போதுதான் புயல் வருகிறது என்று வானொலி சொன்னது. சென்னை அருகே என்றது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் திரும்பும்போது தெருவே கட்டிக்கொண்டிருந்தது. வீடு வீடாகக் கிழக்குப் பக்கம். கிழக்கு ஜன்னல்களில் பலகை, கிழக்குத் தாழ்வாரத்தில் மணல் மூட்டை, கிழக்குக் கூரை ஓரத்தில் கல். எதிர்வீட்டு ராஜகோபாலன், வங்கியில் வேலை பார்ப்பவர், தம் ஸ்கூட்டர் கொட்டகையின் கிழக்கு முனையைப் பழைய வேட்டியால் கேட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

அவள் தம்பி லாசரஸ், திரிசூலம் குவாரியில் லாரி ஓட்டுகிறவன், தோளில் ஒரு கயிற்றுக் கட்டோடு வந்தான். கருங்கல் ஏற்றும் லாரியின் கயிறு, மணிக்கட்டுப் பருமன்.

"ஒண்ணுதாங்கா கெடச்சுது. கிளீனர் பையன கெஞ்சிக் கூத்தாடி வாங்கியாந்தேன். வா, கிழக்கால இறுக்கிக் கட்டி அந்தப் புளியமரத்துல போட்டுடலாம்."

"இரு. மழைக்கு முன்னாடி மோட்டாருக்கு சாக்கு போத்திட்டு வரேன்" என்று அவள் உள்ளே போனாள்.

மோட்டார் மேற்குச் சுவரோரம். அதற்கு அந்தப் பக்கம் பட்டாபிராமனின் பெரிய சுவர். சமையலறை நீட்டலுக்கும் வாசலுக்கும் நடுவே சுவர் கொஞ்சம் தாழும் இடத்தில் அவர் குரல் கேட்டது. ராஜகோபாலன் அங்கே போயிருந்தார்.

"என்ன ஓய், கிழக்கே கட்டிண்டிருக்கீரே! யார் சொன்னா?"

"கடல் அந்தப் பக்கம்தானே சார்?"

"கடல் அந்தப் பக்கம். காத்து எந்தப் பக்கம்? புயல்னா கடல்ல நின்னு ஊதற டேபிள் ஃபேன்னு நினைச்சுட்டீரா?" அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பள்ளிக்கூடத்துச் செருமல். "நடுவுல காத்தழுத்தம் கம்மி. அது ஒரு பள்ளம்னு வெச்சுக்கோங்கோ. நாலா பக்கத்துக் காத்தும் அதை ரொப்ப ஓடறது. பூமி சுத்தாம சும்மா நின்னா, நேராப் போய் ரொப்பிட்டு அடங்கிடும், புயலே இல்லை. பூமி சுத்தறது. அதனால நம்ம வடபாதியில ஓடற காத்தெல்லாம் வலது பக்கமா விலகறது. பள்ளத்துல விழ முடியாம அதைச் சுத்திண்டே வரது. கடிகாரத்துக்கு எதிர்ச்சுத்து."

"உலகம் பூரா அப்படியா?"

"பூமத்திய ரேகை மேல இந்த விலகலே கிடையாது. அதனாலதான் அங்க புயல் கட்டறதே இல்லை. அங்கேருந்து விலக விலக ஏறும். நாம பதிமூணு டிகிரி. துருவத்துப் பக்கத்தோட பார்த்தா இங்க ரொம்பக் கம்மி. ஆனா ஒரு புயலைச் சுத்த வைக்க அது போதும்."

"சுத்தட்டும் சார். என் ஷெட்டுக்கு என்ன?"

"சொல்றேன் கேளும். புயலோட வடக்கு ஓரத்துல விலகல் ஜாஸ்தி, தெற்கு ஓரத்துல கம்மி. அந்த ஏத்தத்தாழ்வே அதை மெல்ல வடமேற்காத் தள்ளும். அதான் பாதி புயல் நம்மளை மிரட்டிட்டு ஆந்திராவுக்குப் போயிடறது. இதுவும் நமக்கு வடக்கேதான் ஏறும், பாரும். வடக்கே ஏறினா நாம அதுக்குத் தெற்கே. எதிர்ச்சுத்துல தெற்குப் பக்கத்துக் காத்து எங்கேருந்து எங்கே ஓடும்?"

ராஜகோபாலன் காற்றில் விரலைச் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும். "மேற்கேருந்து கிழக்கே" என்றார் மெதுவாக.

"தாம்பரத்துலேருந்து கடலுக்கு! உம்ம மணல் மூட்டையெல்லாம் முதுகைக் காட்டிண்டு உட்கார்ந்திருக்கும்."

"ஒருவேளை நமக்குத் தெற்கே போயிட்டா?"

"போனா நீர் கட்டினது சரி. சந்தேகமா இருந்தா வாசல்ல நின்னு காத்துக்கு முதுகைக் காட்டும். இடது கையை நீட்டும். அந்தக் கை காட்டற திசையிலதான் புயலோட நடு. கை வடக்கே திரும்பித்துன்னா நான் சொன்னது. தெற்கே திரும்பித்துன்னா நீர் சொன்னது."

பிறகு ராஜகோபாலன், "அந்த மில்லுக்கார அம்மாவும் கிழக்கேதான் கட்டப்போறா போலிருக்கு. லாரிக் கயிறெல்லாம் வந்திருக்கு" என்றார்.

"கட்டட்டும்" என்றார் பட்டாபிராமன். "நன்னா இழுத்துக் கட்டட்டும். அவகிட்ட யாராவது பூகோளம் கேட்டாளா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ராஜகோபாலனின் சிரிப்பு சின்னது.

ஞானம்மாள் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். தான் உள்ளே இருப்பது தெரிந்து, தன் காதில் விழட்டும் என்றே பேசினாரா? கிழக்கே கட்டவிடாமல் செய்யத்தான் இந்தக் கதையா? கூரை விழ வேண்டும் என்று பத்து வருஷமாக மாடிப்படியில் காத்திருக்கிற மனிதர். அவர் மேற்கு என்றால் கிழக்குக்குப் போவதுதான் இதுவரை அவளைக் காப்பாற்றிய வழி. ஆனால் அந்தக் கடைசிச் சிரிப்பு நடிப்பு மாதிரி இல்லை. அவருடைய நடிப்பு அவளுக்குத் தெரியும். நடிக்கும்போது அவர் குரல் இப்படித் தணியாது.

மோட்டாரின் மேல் சாக்கைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது கூரையில் ஒரு பழைய ஒட்டு கண்ணில் பட்டது. ஆன்டெனா குத்திய ஓட்டைக்கு சவுரிமுத்து அடித்த தகரத்துண்டு.

அவள் அதையே பார்த்தாள். கம்பி அவர் மாடியிலிருந்து வந்தது. மேற்கிலிருந்து கிழக்கே வந்தது. அவரும் தள்ளவில்லை, அவளுடைய பெல்ட்டும் தள்ளவில்லை. அந்தப் புயல் ஸ்ரீஹரிகோட்டாவில் ஏறியது, வடக்கே. இத்தனை வருஷமும் அவரைத் திட்டிய வாய்தான், காற்றை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாசலுக்கு வந்தாள். நிலைப்படி மாவில் ஒரு சிட்டிகை எடுத்து ஊதினாள். அது தெருவோடு தெற்கே ஓடியது. வடக்குக் காற்று. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடது கையை நீட்டினாள். கை நேராகக் கடலைக் காட்டியது.

"இன்னாக்கா, டிராபிக் போலீஸா?" என்றான் லாசரஸ், பீடியை வாயிலிருந்து எடுக்காமல்.

"வாய மூடு."

"கயிறு ரெடி. கட்டட்டுமா வேணாமா?"

"வேணாம். பொழுது சாயட்டும்."

"பொழுது சாஞ்சா மழை புடிச்சுக்கும். அப்பால நான் ஏற மாட்டேன், சொல்ட்டேன்."

அவள் ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். டின்களை மேடைமேல் ஏற்றினாள். ஒவ்வொரு தரம் வாசலுக்கு வரும்போதும் ஒரு சிட்டிகை மாவு. மாலையாக ஆக மாவு போகும் வழி மாறியது. தெருவோடு ஓடியது கொஞ்சம் கொஞ்சமாகப் புளியமரத்தின் பக்கம் சாய ஆரம்பித்தது. காற்று வடக்கிலிருந்து மேற்குப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. முதுகைக் காட்டிக் கையை நீட்டினால், கை இப்போது கடலை விட்டு மீனம்பாக்கம் பக்கம் திரும்பியிருந்தது. வடக்கே.

"மேற்கால கட்டு" என்றாள்.

லாசரஸ் பீடியை எறிந்தான். "உனக்கு இன்னா பைத்தியமா? கடல் எங்க கீது, நீ எங்க கட்ற? தெருவே கிழக்கால கட்டிகினு கீது."

"தெரு எப்படியோ போவட்டும். மேற்கால கட்டுடா."

"யார் சொன்னது உனக்கு?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "அந்தாளு" என்றாள்.

"அந்தாளா? அந்தாளு பேச்சக் கேட்டு... யக்கா, உன் கொட்டாய் எப்ப விழும்னு ஜாதகம் பாத்துகினு கீறான் அவன்!"

"தெரியும். அவன் என்கிட்ட சொல்லல. என்கிட்ட சொல்லியிருந்தா நானே கிழக்கால கட்டியிருப்பேன்."

லாசரஸ் தலையில் அடித்துக்கொண்டான். மேற்கே எதில் கட்டுவது என்பது அடுத்த பேஜார். அந்தப் பக்கம் மரமும் இல்லை, முளையடிக்க இடமும் இல்லை, பட்டாபிராமனின் சுவர்தான். லாசரஸ் ஏணி வைத்து ஏறிச் சுவரின் தலையில் கயிற்றைப் போடக் கையை ஓங்கியதும் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"என் காம்பவுண்டுல கை பட்டுது, போலீஸைக் கூப்பிடுவேன்! எறங்குடா!"

"கயிறு மட்டும்தான் சார், புயலு..."

"புயல் வந்தா உங்க அக்காவைப் போய்க் கட்டிப் புடிச்சுக்கச் சொல்லு அந்த டப்பாக் கொட்டகையை!"

லாசரஸ் வாயைத் திறப்பதற்குள் ஞானம்மாள் ஏணியை ஆட்டினாள். "எறங்கு. அவன் சுவரு நமக்கு வேணாம்."

கொட்டகைக்குள் பார்த்தாள். மேற்கு ஓரத்தில், தரைக்குள் போல்ட் இறக்கி சவுரிமுத்து உட்கார வைத்த எந்திரம் கறுப்பாக, அசைக்க முடியாமல் இருந்தது. கயிற்றை மேற்கு விட்டத்தின்மேல் போட்டு, எந்திரத்தின் அடிச்சட்டத்தில் சுற்றி இறுக்கி, மீதியைக் கொட்டகையின் குறுக்கே இழுத்து, நடு உத்தரத்தில் ஏற்றி, திரும்ப எந்திரத்துக்கே கொண்டுவந்து முடிச்சுப் போடச் சொன்னாள். லாரிக்காரன் முடிச்சு. லாசரஸ் காலை ஊன்றி இழுத்தபோது பனஞ்சட்டம் முனகியது.

விடியற்காலையில் காற்று ஏறியது. விடிந்தும் விடியாமலிருந்த சாம்பல் வெளிச்சத்தில் ஞானம்மாள் எந்திரத்தின் பக்கத்தில், டின்களுக்கு நடுவே குந்தியிருந்தாள். ஜெபமாலை கையில் இருந்தது, உருட்டவில்லை. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள், தன் பிடியும் அதற்கு ஒரு பலம் என்பதுபோல. சத்தம் மேற்கிலிருந்துதான் வந்தது. தாம்பரத்துக்கும் அப்பால் எங்கிருந்தோ கிளம்பி, தண்டவாளத்தைத் தாண்டி, ஒவ்வொரு வீட்டின் முதுகிலும் அறைந்துகொண்டு கடலைப் பார்த்து ஓடியது. தெருவில் கிழக்கே கட்டியவர்களின் கூரைகள் மேற்கு ஓரத்தில் வாயைத் திறந்தன. சார் அத்தனை சொல்லியும் ராஜகோபாலன் கட்டை மாற்றவில்லை; அவருடைய ஸ்கூட்டர் கொட்டகை வேட்டிக் கட்டு அவிழாமலே புரண்டு கேட்டின்மேல் கவிழ்ந்தது.

அவளுடைய மேற்கு விட்டம் ஒரு சாண் எழுந்தது. கயிறு விறைத்தது. எந்திரம் அசையவில்லை. விட்டம் திரும்ப உட்கார்ந்தது. மறுபடி எழுந்தது, மறுபடி உட்கார்ந்தது. நிற்கட்டும், நிற்கட்டும் என்று அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கயிற்றிடம் சொன்னாளா, மாதாவிடம் சொன்னாளா என்று அவளுக்கே தெரியாது.

அப்புறம் வந்த சத்தம் காற்று இல்லை. பக்கத்தில், மிகப் பக்கத்தில், செங்கல் கிழிகிற சத்தம். கொட்டகை முழுவதும் ஒரு தரம் கிழக்கே குலுங்கி நின்றது. கூரையின் மேற்கு ஓரத் தகரம் உள்ளே மடிந்தது. அந்த இடைவெளியில் செங்கல் தெரிந்தது.

பட்டாபிராமனின் சுவர். ஒற்றைச் செங்கல், தூண் இல்லாதது. முழு உயரத்துக்கும் காற்றை வாங்கி, அடியில் விரிசல் விட்டு, அப்படியே அவள் கூரையின்மேல் சாய்ந்துவிட்டது. விட்டம் அதைத் தாங்கியது. விட்டத்தை உத்தரம் தாங்கியது. உத்தரத்தைக் கயிறு பின்னால் இழுத்துப் பிடித்தது. கயிற்றை எந்திரம் பிடித்தது. காற்று மேற்கிலிருந்து வரும் என்று ராஜகோபாலனுக்குப் பாடம் நடத்திய மனிதர், மேற்கிலிருந்து பார்த்தால் தம் சுவர்தான் முதலில் நிற்கிறது என்பதை யோசிக்கவில்லை.

ஞானம்மாள் கயிற்றிலிருந்து கையை மெல்ல எடுத்தாள். எடுத்தும் எதுவும் நகரவில்லை.

காற்று அடங்கி மழை மட்டும் மிஞ்சியபோது பட்டாபிராமன் வந்தார். பத்து வருஷத்தில் அவர் அந்த வாசலுக்கு வந்தது அது இரண்டாம் முறை. குடை பின்பக்கம் திரும்பி எலும்பாய் நின்றது, அதையும் பிடித்துக்கொண்டிருந்தார். வேட்டி முழங்கால்வரை சேறு. பின்னால் கொஞ்சம் தள்ளி ராஜகோபாலன். அவர் முகத்தில், அழைத்து வரப்பட்டவரின் சங்கடம்.

பட்டாபிராமன் உள்ளே எட்டிப் பார்த்தார். சுவரின் தலை, விட்டம், கயிறு, முடிச்சு என்று ஒவ்வொன்றாகக் கண்ணால் போய் எந்திரத்தில் நின்றார்.

"அந்தக் கயித்தை அவிழ்த்துடாதே" என்றார்.

"எந்தக் கயிறு சார்?"

"விளையாடாதே. சமையலறை விட்டம் நாலும் அந்தச் சுவத்துமேலதான் இருக்கு. சுவர் போச்சுன்னா கூரை மொத்தமும் உள்ளே வந்துடும். வேதா ஸ்டவ்வை எடுக்கக்கூட உள்ளே போக மாட்டேங்கறா."

"அப்ப ஆபீஸ்ல போய்ச் சொல்லுங்க சார். வந்து பாப்பாங்க. சமையக்கட்டு எப்பக் கட்டினது, பர்மிஷன் எங்கன்னும் பாப்பாங்க."

அவர் முகம் சிவந்தது. "துரைராஜைக் கூப்பிட்டு சவுக்குக் கட்டை முட்டுக் குடுக்கச் சொல்றேன். ஒரு நாள் வேலை."

"குடுங்க. எந்தப் பக்கத்துலேர்ந்து குடுப்பீங்க?"

அவர் மில்லின் தரையைப் பார்த்தார். கிழக்கே சாய்ந்த சுவருக்குக் கிழக்கேயிருந்துதான் முட்டுக் கொடுக்க முடியும். கட்டையை ஊன்ற வேண்டிய இடம் அவள் மில்லின் தரை.

"எனக்குத் தீபாவளி ஆர்டர் கீது" என்றாள் ஞானம்மாள். "கயிறு எந்திரத்துல சுத்திக் கீது. அவுத்தாத்தான் ஓட்ட முடியும். ஜனங்க டின்னக் கேட்டு வருவாங்க. எத்தினி நாளு நான் பொறுக்கறது?"

உண்மையில் அவளுக்கும் அந்த முடிச்சைப் பார்க்கவே பயம். அவிழ்த்தால் சுவர் அவள் கூரையையும் சேர்த்து எடுத்துக்கொண்டுதான் விழும். அது அவருக்குத் தோன்றுகிறதா என்று அவர் முகத்தையே பார்த்தாள். தோன்றவில்லை. அவர் கண் முழுக்கத் தம் சமையலறையில் இருந்தது.

"என்ன வேணும் உனக்கு?"

"மனு."

"எந்த மனு?"

"பத்து வருஷமா தூங்குதே, அது. போய் வாபஸ் வாங்கிட்டு வாங்க. மில்லு இப்படியே இருக்கலாம், பழுது பாக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லேன்னு அங்கேயே சொல்ட்டு வாங்க. ராஜகோபாலன் சார் கூட வரட்டும், சாட்சி. அப்பால துரைராஜ் உள்ள வரலாம்."

"இது பிளாக்மெயில்" என்றார் பட்டாபிராமன், ராஜகோபாலனைப் பார்த்து.

ராஜகோபாலன் தம் கவிழ்ந்த ஸ்கூட்டர் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரோடு முழங்கால் தண்ணி சார். இப்பவே கிளம்பினா ஆபீஸ் மூடறதுக்குள்ள போயிடலாம்" என்றார்.

பட்டாபிராமன் திரும்பினார். இரண்டடி போய் நின்றார். "மேற்கேருந்து வரும்னு நான்தான் சொன்னேன். அதைக் கேட்டுத்தானே கட்டினே? அந்த நன்றி வேண்டாமா ஒரு மனுஷிக்கு?"

"சொன்னீங்க சார்" என்றாள் ஞானம்மாள். "என்கிட்ட சொல்லல."

அவர் தண்ணீரில் இறங்கி நடந்தார். அந்த எலும்புக் குடையைத் தெருமுனைவரை விடவில்லை.

சாயங்காலம் ராஜகோபாலன் மட்டும் வந்து, ஆயிற்று என்றார். அவள் அதை அவர் வாயால் இரண்டு முறை சொல்ல வைத்தாள். அடுத்த நாள் காலை துரைராஜ் சவுக்குக் கட்டைகளோடு வந்தான். கட்டை ஊன்றி, முட்டுக் கொடுத்து, சமையலறை விட்டங்களை அந்தப் பக்கம் வேறு தூணில் இறக்கி, சுவரைத் தலையிலிருந்து ஒவ்வொரு செங்கலாகப் பிரித்தான். ஒவ்வொரு செங்கல்லும் அவள் இடத்தின் வழியாகத்தான் வெளியே போனது. அவள் வாசலில் நின்று ஒன்றுகூடத் தங்கவிடாமல் எண்ணாத குறையாகப் பார்த்தாள். புயலுக்கு முன்பே அரைத்து வைத்திருந்த பெயர் இல்லாத டின்னை எடுத்துத் துரைராஜ் கையில் கொடுத்து, "அந்தப் பக்கம் குடுத்துடு" என்றாள். அன்று அது தெருவைச் சுற்றிப் போகவில்லை.

கடைசிச் செங்கல் எடுபட்ட பிறகுதான் முடிச்சில் கை வைத்தாள். இறுகிப் போயிருந்தது. லாசரஸ் அரிவாளால் வெட்டித்தான் எடுத்தான். கிளீனர் பையனுக்கு என்ன சொல்வது என்று புலம்பினான்.

சுவர் மறுபடி எழவில்லை. தூண் இல்லாமல் கட்டத் துரைராஜ் மறுத்துவிட்டான். தூணுக்குச் செம்பருத்திப் பாத்தியை விட சார் மறுத்துவிட்டார். இடுப்பளவில் நின்றது.

தீபாவளி கழிந்து வெயில் திரும்பிய ஒரு பிற்பகல். ஒரு கல்யாண வீட்டு மிளகாய் வந்திருந்தது. ஞானம்மாள் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, ஒரு சிட்டிகை மாவை எடுத்து ஊதினாள். அது மேற்கே போய், தாழ்ந்த சுவரின்மேல் தடையில்லாமல் பறந்து, செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பட்டாபிராமனின் தோள்வரை போனது. அவர் நிமிர்ந்தார். முதன்முறையாக, அவள் என்ன செய்கிறாள் என்பதை முழுவதும் பார்த்தார். பத்து வருஷத்துத் தும்மல் அத்தனைக்கும் கணக்கு அவர் முகத்தில் ஏறுவதை அவள் நின்று பார்த்தாள்.

"காத்து கிழக்கேருந்து" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"தெரியும் சார்" என்றாள். உள்ளே போய் சுவிட்சைப் போட்டாள்.